கப்பலே ஓட்டாத அட்மிரல் கம்பெனி ஓட்டிய கதை

கேள்வி இதுதான்: கடற்படையிலேயே இளமை முழுவதையும் கழித்த ஓர் அதிகாரி, ஓய்வுக்குப் பிறகு தொழில் உலகில் பெரிய தலைவராக வந்திருக்கிறாரா? அங்கே கற்றது இங்கே உண்மையிலேயே கைகொடுக்குமா?

இந்தப் பேச்சு வந்தாலே பலரும் அமெரிக்கக் கோடீஸ்வரத் தொழிலதிபர் ராஸ் பெரோவின் பெயரைச் சொல்வார்கள். அவர் கடற்படை அகாடமியில் படித்தவர்தான். ஆனால் நான்கே வருடத்தில் சீருடையைக் கழற்றிவிட்டு ஐ.பி.எம்.மில் விற்பனையாளராகச் சேர்ந்துவிட்டார். அவரைக் கடற்படைக்காரர் என்பதைவிட, கொஞ்ச நாள் கடற்படையில் இருந்த வியாபாரி என்பதுதான் சரி. நீங்கள் கேட்பது முப்பது வருடம் சேவை செய்து, உச்சிப் பதவி வரை போய், அப்புறம் தொழிலுக்கு வந்த ஆளைப் பற்றி. அதற்கு எனக்குத் தெரிந்து அமெரிக்காவின் அட்மிரல் பாபி ரே இன்மனை விட சுவாரசியமான உதாரணம் இல்லை. சுவாரசியம் என்றுதான் சொல்கிறேன், வெற்றிக்கதை என்று சொல்லவில்லை. கம்பெனி நடத்துபவராக அவருக்கு நான் பாஸ் மார்க் போடுவதே கஷ்டம். ஒருவரை ஒருவர் நம்பாத ஆட்களை ஒரே அறையில் உட்காரவைப்பவராகப் பார்த்தால் நூற்றுக்கு நூறு. இந்த இரண்டும் வேறுவேறு திறமைகள் என்பதுதான் அவர் வாழ்க்கையைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

இன்மன் பிறந்தது 1931-ல், கிழக்கு டெக்சாஸில் ரோன்ஸ்பரோ என்ற சின்ன ஊரில். படிப்பில் படு சூட்டிகை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து 1950-ல் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது 19. கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். கொரியப் போர் வந்தது. எப்படியும் ராணுவத்துக்கு இழுத்துவிடுவார்கள் என்ற நிலையில் கடற்படை ரிசர்வில் சேர்ந்தார். நியூபோர்ட்டில் பயிற்சி முடித்து 1952-ல் அதிகாரியானார். வேலி ஃபோர்ஜ் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் கொஞ்ச நாள். சுருக்கமாகச் சொன்னால், அனாபொலிஸ் கடற்படை அகாடமியில் படித்துவிட்டு வந்த வாரிசு அல்ல. பின்வாசல் வழியாக வந்தவர்.

அமெரிக்கக் கடற்படையில் அதிகாரிகள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பதில்லை. கப்பலுக்கும் படைப்பிரிவுக்கும் தலைமை ஏற்கத் தகுதி உள்ளவர்கள் ஒரு வரிசை. உளவு மாதிரியான தனித்துறைகளுக்குப் போனவர்கள் வேறு வரிசை. இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டால் கப்பல் தலைமை என்ற பேச்சே கிடையாது. பதவி உயர்வும் ஓரளவுக்கு மேல் போகாது என்பதுதான் அன்றைய நடைமுறை. இன்மன் தேர்ந்தெடுத்தது அந்த வரிசையைத்தான். அங்கிருந்து நான்கு நட்சத்திர அட்மிரலாக உயர்ந்த முதல் கடற்படை உளவு அதிகாரி அவர். ஒரு கப்பலையும் தலைமை தாங்கி ஓட்டாமல் அட்மிரலானவர்!

உளவு அதிகாரி என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி கறுப்புக் கண்ணாடி, துப்பாக்கி என்று நினைக்க வேண்டாம். இன்மனின் வேலை பெரும்பாலும் மேஜையில்தான். நடுவில் இரண்டு வருடம் ஸ்டாக்ஹோம் தூதரகத்தில் துணைக் கடற்படை இணைப்பதிகாரி. மற்றபடி சோவியத் கப்பல்கள் எங்கே போகின்றன, ஏன் போகின்றன என்று துண்டுதுண்டான தகவல்களைக் கோத்துப் பார்த்து, மேலதிகாரிக்குக் காலையில் சில நிமிடங்களில் சொல்ல வேண்டும். இது நமக்குத் தெரிந்தது, இது நம் ஊகம், இது நமக்குத் தெரியாதது என்று மூன்றையும் கலக்காமல் சொல்ல வேண்டும். கேட்பவரோ உங்களைவிடப் பல படி மேலே இருப்பவர், பொறுமை இல்லாதவர். இந்த வேலையில் இன்மன் மன்னன் என்று பெயர் வாங்கினார். விடியற்காலை 4 மணிக்கே எழுந்துவிடுவார், படித்தது எதையும் மறக்க மாட்டார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். 1974-ல் கடற்படை உளவுப் பிரிவின் இயக்குநர், 1976-ல் பாதுகாப்பு உளவு முகமையில் இரண்டாம் இடம், 1977-ல் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.வின் தலைவர். அப்போது வயது 46.

என்.எஸ்.ஏ. காலத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பிற்பாடு தொழில் உலகம் அவரைத் தேடி வந்ததற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. 1976-ல் விட்ஃபீல்ட் டிஃபியும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்ட்டின் ஹெல்மனும் சங்கேத மொழியைப் புரட்டிப் போட்ட ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். முன்பின் சந்திக்காத இருவர், ரகசியச் சாவி எதையும் முன்கூட்டியே பரிமாறிக்கொள்ளாமல் ரகசியமாகப் பேசிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்று நாம் போனில் பணம் அனுப்புவதற்குப் பின்னால் இருப்பதும் அதே பரம்பரைக் கணக்குதான். என்.எஸ்.ஏ.வுக்கு வயிற்றில் புளி கரைத்தது. அதுவரை இந்த வித்தை தங்கள் வீட்டுச் சொத்து என்று இருந்தவர்கள். 1977-ல் அங்கே வேலை பார்த்த ஒருவர், இந்த மாதிரி ஆராய்ச்சியை வெளியிடுவது ஆயுத ஏற்றுமதிச் சட்டத்துக்கு விரோதமாகலாம் என்று பொறியாளர் சங்கத்துக்குக் கடிதமே எழுதிவிட்டார். தன் மாணவர்கள் சட்டச் சிக்கலில் மாட்டக் கூடாது என்பதற்காக, அவர்கள் வாசிக்க வேண்டிய கட்டுரைகளை ஒரு கருத்தரங்கில் ஹெல்மனே ஏறி நின்று வாசிக்க வேண்டியதாயிற்று.

இந்த நேரத்தில் பதவிக்கு வந்த இன்மன் என்ன செய்தார் தெரியுமா? தன் ஆட்கள் வேண்டாம் என்று சொல்லியும் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய் ஹெல்மனை நேரில் பார்த்தார். உங்களுக்குக் கொம்பு இல்லை என்று பார்த்ததில் சந்தோஷம் என்று அட்மிரல் ஆரம்பித்தார், எனக்கும் அப்படித்தான் என்று தான் பதில் சொன்னதாக ஹெல்மன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருவரும் பிற்பாடு நண்பர்களே ஆகிவிட்டார்கள். என்.எஸ்.ஏ. தலைவர்கள் பொதுமேடையில் பேசும் வழக்கமே இல்லாத அந்த நாளில், 1979-ல் மேடை ஏறி, எங்கள் பக்கத்துக் கவலை இது என்று வெளிப்படையாகப் பேசினார். கடைசியில், ஆராய்ச்சியாளர்கள் விரும்பினால் வெளியிடும் முன் என்.எஸ்.ஏ.வுக்குக் காட்டலாம் என்று ஒரு தளர்வான ஏற்பாடு வந்தது. அது பெரிதாக எதையும் தடுக்கவில்லை. ஆனால் சண்டை நீதிமன்றத்துக்குப் போகாமல் பேச்சுவார்த்தையில் முடிந்தது.

இன்னொரு சம்பவம். 1980-ல் என்.எஸ்.ஏ. ஊழியர் ஒருவர் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்று தெரியவந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி ரத்து, வேலை காலி. காரணம், இதை வைத்து எதிரி நாட்டு ஒற்றன் மிரட்டக்கூடும் என்பது. இன்மன் வேறு மாதிரி யோசித்தார். குடும்பத்தாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அப்புறம் மிரட்ட என்ன இருக்கிறது? அந்த ஊழியர் சொன்னார், வேலை தப்பியது. இதில் எவ்வளவு முற்போக்கு, எவ்வளவு உளவுத்துறைத் தர்க்கம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அவரது மூளை வேலை செய்யும் விதம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

1981-ல் ரீகன் ஆட்சி வந்ததும் சி.ஐ.ஏ.வில் இரண்டாம் இடம், தோளில் நான்காவது நட்சத்திரம். தலைவர் வில்லியம் கேசி. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நாடாளுமன்றக் குழுவின் முன் கேசி உண்மையை வளைக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்மன் குனிந்து காலுறையை மேலே இழுத்து விட்டுக்கொள்வார், செனட்டர்கள் அதைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்று வாஷிங்டனில் ஒரு கதை உண்டு. ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. 1982 ஜூலையில் ஓய்வு. வயது 51. இதுவரை முதல் பாதி.

சரி, தொழில் உலகம். அந்த வருடங்களில் அமெரிக்கக் கணினித் துறைக்கு ஜப்பான் பயம் பிடித்திருந்தது. மெமரி சிப் சந்தையை ஜப்பான் கம்பெனிகள் அள்ளிக்கொண்டிருந்தன. போதாததற்கு 1982-ல் ஜப்பான் அரசு ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. பத்து வருடத்தில் யோசிக்கும் கணினியே வந்துவிடும் என்ற பேச்சு. அமெரிக்கக் கம்பெனிகள் தனித்தனியாக ஆராய்ச்சி செய்து மோத முடியாது, சேர்ந்து செய்வோம் என்று கிளம்பியவர் கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் வில்லியம் நாரிஸ். அப்படிப் பிறந்ததுதான் எம்.சி.சி. நம் தாம்பரம் எம்.சி.சி. இல்லை, நுண்மின்னணு மற்றும் கணினித் தொழில்நுட்பக் கூட்டு நிறுவனம். கன்ட்ரோல் டேட்டா, டிஜிட்டல் எக்விப்மென்ட், ஹனிவெல், மோட்டரோலா, ஏ.எம்.டி. என்று ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கும் போட்டியாளர்கள் எல்லாம் அதில் பங்குதாரர்கள். ஐ.பி.எம். சேரவில்லை. அதைச் சேர்த்தால் ஏகபோகம் என்று வழக்கு நிச்சயம்.

இந்தக் கூட்டத்துக்கு யார் தலைமை? போட்டிக் கம்பெனி எதிலிருந்தும் ஆளை எடுக்க முடியாது. பேராசிரியரைப் போட்டால் முதலாளிகள் மதிக்க மாட்டார்கள். ரகசியம் காக்கத் தெரிந்தவர், வாஷிங்டனில் யாரையும் போனில் கூப்பிடக்கூடியவர், யார் பக்கமும் சாயாதவர் வேண்டும். 1983 தொடக்கத்தில் இன்மனை நியமித்தார்கள். அவர் கணினிப் பொறியாளர் இல்லை, வரலாற்றுப் பட்டதாரி. லாபநஷ்டக் கணக்கு பார்த்துப் பழகியவரும் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு நடுவர், நடுவராக இருந்து பழகிய ஆள் கிடைத்துவிட்டார்.

முதல் வேலையே இடம் தேடுவது. இதை அவர் நடத்திய விதம் அற்புதம். அலுவலகத்துக்கு ஒரு கட்டடம் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். மாறாக, எங்களுக்கு நல்ல பல்கலைக்கழகம் பக்கத்தில் வேண்டும், என்ன தருவீர்கள் என்று நாடு முழுக்கக் கேட்டார். 27 மாநிலங்களிலிருந்து 57 நகரங்கள் போட்டி போட்டன. அட்லாண்டா, வட கரோலினாவின் ராலி-டர்ஹம், சான் டியாகோ, ஆஸ்டின் ஆகிய நான்கும் கடைசிச் சுற்றுக்கு வந்தன. டெக்சாஸ் கவர்னர் மார்க் ஒயிட் நேரடியாகக் களமிறங்கினார். மேலே சொன்ன ராஸ் பெரோவும் டெக்சாஸ் பக்கம் நின்று உதவினார். பல்கலைக்கழகம் தன் நிலத்தில் இடம் தருவதாகவும் கணினி, மின்னணுத் துறைகளைப் பெரிதாக வளர்ப்பதாகவும் வாக்குக் கொடுத்தது. 1983 மே மாதம் ஆஸ்டின் வென்றது. அந்த வேகத்தில், அடுத்த ஓராண்டுக்குள் அறிவியல், பொறியியல் துறைகளுக்குத் தலா பத்து லட்சம் டாலர் மதிப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர் இருக்கைகளை அந்தப் பல்கலைக்கழகம் உருவாக்கியது.

அடுத்த தலைவலி சட்டம். போட்டியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்தாலே ஏகபோகத் தடுப்புச் சட்டம் பாயும். தோற்றால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டும். அதனால் பல கம்பெனி வக்கீல்கள் சேராதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1984-ல் கூட்டு ஆராய்ச்சிக்கான தேசியச் சட்டம் நிறைவேறியது. அரசிடம் முறையாகப் பதிவு செய்த கூட்டு ஆராய்ச்சிக்கு மூன்று மடங்கு அபராதம் கிடையாது, உண்மையான நஷ்டம் மட்டும்தான் என்றானது. இந்தச் சட்டத்துக்காக வாஷிங்டனில் வாதாடியவர்களில் இன்மன் முக்கியமானவர். காலுறைக் கதை தெரிந்த செனட்டர்களிடம் அவர் பேச்சுக்கு எடை இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

உள்ளே ஆராய்ச்சியை அவர் அமைத்த முறையிலும் பழைய தொழில் வாசம் அடித்தது. சிப் பேக்கேஜிங், மென்பொருள், சிப் வடிவமைப்பு, மேம்பட்ட கணினிக் கட்டமைப்பு என்று திட்டங்கள் பிரிந்திருந்தன. எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறாயோ அந்தத் திட்டத்தின் முடிவுகள் மட்டும்தான் உனக்கு. பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்பது பணம் கட்டாதவனுக்குத் தெரியாது. தேவைப்பட்டவருக்கு மட்டும் தகவல் என்கிற உளவுத்துறை விதியேதான். கம்பெனிகளுக்கு இது ஆறுதலாக இருந்தது. ஆராய்ச்சிக்கு நல்லதா என்றால், எனக்குச் சந்தேகம்தான். எதிர்பாராத இரண்டு விஷயங்கள் உரசும்போதுதான் புதிது பிறக்கும், அந்த உரசலுக்கே இடமில்லாமல் சுவர் எழுப்பிவிட்டால் எப்படி?

ஆட்கள் விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை. ஒப்பந்தப்படி பங்குதாரர் கம்பெனிகள் தங்கள் சிறந்த பொறியாளர்களை ஆஸ்டினுக்கு அனுப்ப வேண்டும். எந்த மேனேஜர் தன் தங்கமான ஆளைத் தாரை வார்ப்பான்? தலையில் கட்டிவிடலாம் என்று நினைத்தவர்களை அனுப்பினார்கள். இன்மன் பலரைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளியிலிருந்து ஆள் எடுக்க ஆரம்பித்தார். அப்படி 1984-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து பேசிப் பேசி இழுத்து வந்தவர்தான் டக் லெனட். கணினிக்கு உலக ஞானத்தை ஒவ்வொரு வரியாகக் கையால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது லெனட்டின் வெறி. செத்தவர் திரும்பி வர மாட்டார், தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும், ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதாத, ஆனால் குழந்தைக்கும் தெரிந்த விஷயங்கள். சைக் என்ற அந்தத் திட்டம் 1994-ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. லெனட் 2023-ல் இறக்கும் வரை அதை விடவில்லை. இன்றைய செயற்கை அறிவு வேறு பாதையில் போய்விட்டது என்பது உண்மை. ஆனால் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட நிதியை வைத்துக்கொண்டு யாரும் தொடக்கூட முடியாத ஒரு வேலைக்கு, பத்து வருடக் கூரை போட்டுக் கொடுத்தவர் இன்மன்.

எம்.சி.சி. ஜப்பானை வென்றதா? இல்லை. ஜப்பானின் ஐந்தாம் தலைமுறைத் திட்டமே சொன்னபடி வரவில்லை என்பது தனிக்கதை. எம்.சி.சி.யில் நல்ல ஆராய்ச்சி நடந்தது, ஆனால் அது கம்பெனிகளின் தயாரிப்புகளுக்குள் போய்ச் சேருவது மிக மெதுவாக இருந்தது. பணம் கட்டியவர்கள் அடுத்த காலாண்டைப் பார்த்தார்கள், ஆராய்ச்சியாளர்கள் அடுத்த பத்தாண்டைப் பார்த்தார்கள். 1986 முடிவில் இன்மன் விலகினார். நிறுவனம் இன்னும் சில வருடம் ஓடி, 2000-ல் கலைப்பது என்று முடிவானது.

ஆனால் ஆஸ்டினைப் பாருங்கள். அதற்கு முன்பே அங்கே ஐ.பி.எம்., மோட்டரோலா, ஏ.எம்.டி. எல்லாம் இருந்தன, வெறும் பொட்டல்காடு இல்லை. ஆனாலும் அவை பெரும்பாலும் தொழிற்சாலைகள்தான். எம்.சி.சி. வந்த பிறகுதான் ஆராய்ச்சி நகரம் என்ற பெயர் வந்தது. சிப் உற்பத்திக்கான செமாடெக் கூட்டமைப்பு இடம் தேடியபோது 1988-ல் அதுவும் ஆஸ்டினுக்கே போனது. பல்கலைக்கழக விடுதி அறையில் கணினி கூட்டி விற்ற மைக்கேல் டெல், தன் கம்பெனி சின்னதாக இருந்த காலத்திலேயே இன்மனை இயக்குநர் குழுவில் உட்காரவைத்தார். இருபது வயதுப் பையனின் கம்பெனிக்கு ஒரு அட்மிரலின் பெயர் எவ்வளவு பெரிய அத்தாட்சி என்று யோசியுங்கள். இன்று ஆஸ்டினில் வேலை பார்க்கும் நம் ஊர் எஞ்சினியர்களில் பலருக்கு இன்மன் பெயரே தெரிந்திருக்காது. அந்த ஊருக்கு அவர்கள் போனதற்கான காரணச் சங்கிலியில் அவர் ஒரு முக்கியமான கண்ணி.

இனிமேல்தான் கதை சரிகிறது. 1986-ல் வெஸ்ட்மார்க் சிஸ்டம்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பாதுகாப்பு மின்னணுக் கம்பெனிகளை வாங்கிச் சேர்த்துப் பெரிதாக்குவது திட்டம். மறு வருடமே ஆஸ்டினின் டிரேக்கார் நிறுவனத்தைச் சுமார் 70 கோடி டாலருக்கு வாங்கினார்கள். எதிரி ராடாரைக் குழப்புவதற்காக விமானத்திலிருந்து தூவும் மெல்லிய உலோகப் பூச்சு இழைகள் உள்பட, மின்னணுப் போருக்கான சாமான்கள் செய்த நல்ல கம்பெனி. சிக்கல் வாங்கிய முறையில். பெரும்பகுதி கடன், அதுவும் வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே ஏற்றப்பட்ட கடன். வியாபாரம் வருடா வருடம் வளர்ந்தால் வட்டி கட்டலாம், தேங்கினால் அம்பேல். ரீகன் காலத்துப் பாதுகாப்புச் செலவு அப்போதே உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தது. 1989-ல் பெர்லின் சுவரும் விழுந்தது. சோவியத் நாட்டை வாழ்நாள் முழுக்கப் படித்த ஒரு மனிதர், சோவியத் பயம் நீடிக்கும் என்ற கணக்கில் இவ்வளவு கடன் வாங்கினார் என்பதை என்னவென்று சொல்வது! அவர் விலகிய பிறகு, 1991-ல் டிரேக்கார் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பிறகு கடனை உதறிவிட்டு எழுந்து நன்றாகவே ஓடியது. கம்பெனியில் கோளாறு இல்லை, கடனில்தான் கோளாறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நம்பிக்கை வைத்தவர்களை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது அவருடைய இன்னொரு குணம். தொழிலில் இதுவே அவருக்கு வினையாகவும் ஆனது. பென்சில்வேனியாவில் ஐ.எஸ்.சி. என்ற ஆயுதக் கம்பெனியை நடத்தியவர் ஜேம்ஸ் கெரின். அந்தக் கம்பெனியின் அமெரிக்க ரகசிய ஒப்பந்தங்கள் அன்னியர் கைக்குப் போகாமல் காக்க அமைக்கப்பட்ட காப்புக் குழுவில் இன்மன் ஓய்வுக்குப் பிறகு இருந்தார். கெரின் இல்லாத ஒப்பந்தங்களை இருப்பதாகக் காட்டிக் கணக்கெழுதியவர், இனவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குத் தடையை மீறிச் சரக்கு அனுப்பியவர். 1987-ல் ஐ.எஸ்.சி.யை வாங்கிய பிரிட்டனின் பழம்பெரும் ஃபெரான்டி நிறுவனம் அந்தப் பொய்க் கணக்கின் பாரத்திலேயே மூழ்கியது. 1992-ல் கெரினுக்குத் தண்டனை விதிக்கும் முன், அவர் முன்பு நாட்டுக்குத் தகவல் தந்து உதவியவர் என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதினார் இன்மன். இன்மன் மீது குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. ஆனால் அந்தக் கடிதம் திரும்ப வந்து குத்தியது.

எப்போது என்றால், 1993 டிசம்பரில் கிளின்டன் அவரைப் பாதுகாப்பு அமைச்சராக அறிவித்தபோது. அறிவிப்பு மேடையிலேயே, நான் ஓட்டுப் போட்டது புஷ்ஷுக்கு, ஜனாதிபதியோடு ஒத்துப்போகும் என்று எனக்குத் திருப்தி வந்த பிறகுதான் சம்மதித்தேன் என்ற மாதிரி பேசினார். யாராவது வேலை கொடுப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசுவார்களா? பத்திரிகையாளர் வில்லியம் சஃபயர் ஐ.எஸ்.சி. விவகாரத்தையும், வீட்டு வேலைக்காரருக்குச் சமூகப் பாதுகாப்பு வரி கட்டாததையும், 1981-ல் இராக் அணு உலையை இஸ்ரேல் தாக்கிய பிறகு இஸ்ரேலுக்குப் போகும் செயற்கைக்கோள் படங்களை இன்மன் கட்டுப்படுத்தியதையும் எடுத்து வைத்து எழுதினார். செனட்டில் ஒப்புதல் கிடைப்பதில் சந்தேகமே இல்லாத நிலையில், 1994 ஜனவரி 18 அன்று ஆஸ்டினில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இது புது மெக்கார்த்தியிசம் (1950-களில் செனட்டர் மெக்கார்த்தி ஆதாரமில்லாமல் பலரைத் தேசத்துரோகி என்று வேட்டையாடிய மாதிரி), செனட்டர் பாப் டோலும் சஃபயரும் எனக்கு எதிராகக் கைகோத்துவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளி விலகிக்கொண்டார். வில்லியம் பெர்ரி அமைச்சரானார். முப்பது வருடம் மூடிய அறையில் பாராட்டு மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு, பத்திரிகை விமர்சனம் தாங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தொழில் உலகில் அவருக்கு மவுசு குறையவில்லை. 1987 முதல் 1990 வரை அமெரிக்க மத்திய வங்கி அமைப்பின் ஒரு கிளையான டாலஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுத் தலைவராக இருந்தவர், ஃப்ளூர், ஜெராக்ஸ், எஸ்.பி.சி. என்று பல இயக்குநர் குழுக்களில் உட்கார்ந்தவர், இளம் கம்பெனிகளில் முதலீடும் செய்தவர். ஃப்ளூரிலிருந்து பிரிந்த நிலக்கரிக் கம்பெனி மாஸி எனர்ஜியின் குழுவிலும் இருந்தார். அதில்தான் எனக்கு அவர்மேல் பெரிய மனக்குறை. 2010 ஏப்ரல் 5 அன்று மேற்கு வர்ஜீனியாவில் மாஸியின் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 தொழிலாளர்கள் செத்தார்கள். தலைமை அதிகாரி டான் பிளாங்கன்ஷிப் மீது நாடே கொதித்தபோது, இயக்குநர் குழுவின் சார்பில் அவருக்கு ஆதரவாக நின்று பேசியவர் இன்மன். அந்த ஆண்டு இறுதியில் பிளாங்கன்ஷிப் விலக, 79 வயதில் மாஸியின் சேர்மன் ஆனார். அடுத்த சில மாதங்களில் கம்பெனியை ஆல்ஃபா நேச்சுரல் ரிசோர்சஸுக்கு 700 கோடி டாலருக்கும் மேல் விலை பேசிக் கைமாற்றினார்கள். பங்குதாரர்களுக்குச் சேதமில்லாமல் கரை சேர்த்தார் என்று பாராட்டுபவர்கள் உண்டு.

ஆனால் 2011-ல் அரசு விசாரணையில் வெளிவந்தது என்ன? சுரங்கத்தில் இரண்டு பதிவேடுகள். ஆபத்துகளை உள்ளபடி எழுதிய ஒன்று நிர்வாகத்தின் கண்ணுக்கு, அவை இல்லாத இன்னொன்று இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு. அடுத்தவன் மறைப்பதைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருந்த மனிதர், தன் கம்பெனியிலேயே என்ன மறைக்கப்படுகிறது என்று கேட்டு வாங்கவில்லை. இயக்குநர் குழு என்பது மேலிருந்து வரும் அறிக்கையைப் படிக்கும் இடம். உளவுத்துறையில் அந்த அறிக்கையைச் சந்தேகிக்கத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், இங்கே யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. சுரங்கப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாக 2015-ல் பிளாங்கன்ஷிப் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஓராண்டு சிறைக்குப் போனார்.

ஆக, கடற்படை அனுபவம் கைகொடுக்குமா என்ற உங்கள் கேள்விக்கு இன்மனை வைத்துச் சொல்வதானால்: எந்த நாற்காலி என்பதைப் பொறுத்தது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, எதிரெதிர் முகாம்களைப் பேச வைப்பது, அரசாங்கத்தோடு பேரம் பேசுவது எல்லாம் அப்படியே கூட வந்தன, எம்.சி.சி.யில் பார்த்தோம். கடன், வட்டி, சந்தை எப்போது திரும்பும் என்ற மோப்பம் வரவில்லை. அரசு பட்ஜெட்டில் முப்பது வருடம் செலவு செய்து பழகியவருக்கு, பணம் தீர்ந்து போகும் என்ற பயம் உடம்பில் ஊறியிருக்காது. மற்ற அதிகாரிகளுக்கும் இது பொருந்துமா என்றால், கப்பல் கட்டும் தளமோ தளவாடப் பிரிவோ நடத்தியவர்கள் கதை வேறாக இருக்கும். அவர்கள் கூலி, சரக்கு, கெடு என்று தினமும் மல்லுக்கட்டியவர்கள்.

பல்கலைக்கழக வேலைதான் அவருக்குக் கடைசியில் மிகப் பொருத்தமாக அமைந்தது என்று நினைக்கிறேன். தான் படித்த அதே ஆஸ்டின் பல்கலைக்கழகத்தின் லிண்டன் ஜான்சன் பொதுக்கொள்கைப் பள்ளியில் 2001 முதல் நிரந்தரப் பேராசிரியராகப் பாடம் எடுத்தார், இரண்டு முறை தற்காலிக டீனாகவும் இருந்தார். 2006-ல், நீதிமன்ற அனுமதி இல்லாமல் என்.எஸ்.ஏ. ஒட்டுக்கேட்டது அம்பலமாகி புஷ் அரசு அதை நியாயப்படுத்திக்கொண்டிருந்தபோது, நியூயார்க்கில் ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்து, இதற்குச் சட்டத்தில் அனுமதி இல்லை என்று சொன்னார். என்.எஸ்.ஏ.வின் முன்னாள் தலைவரே அப்படிச் சொன்னது அன்று செய்தியானது.